அந்தோணி அண்ணனின் பச்சைப் பலகை

படகுத்துறையில் மைக் பிடிப்பவனுக்கு ஒரே வேலைதான்: சந்தோஷமாகப் போய்க்கொண்டிருப்பவர்களைத் திரும்பி வரச் சொல்வது. பி.யூ.சி. பெயிலான வருஷம் பெங்களூரில் ஓர் ஏரிக்கரையில் அதைத்தான் செய்தேன். "ஏழாம் நம்பர், டைம் ஆச்சு!" என்று தமிழில் கெஞ்சி, கன்னடத்தில் அதட்டி, தொண்டை கட்டிய பிறகும் ஏழாம் நம்பர் திரும்பாது. இப்படிக் கத்திக் கத்தி நொந்துபோன சக பாவிகளே, இது உங்களுக்கு.

இழுவைப் படகு

மிதிபடகில் போகிறவர்கள் நடு ஏரியில் கால் வலித்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் கயிறு கட்டி இழுத்துவர ஒரு பழைய மரப்படகு இருந்தது. அதன் பின்பலகையில் அதைவிடக் கிழட்டு மோட்டார் ஒன்று தொங்கும். ஓட்டுபவர் ஒக்கலிபுரத்து அந்தோணி அண்ணன். ஏழு தடவை கயிற்றை இழுத்தால் மோட்டார் ஒரு தடவை இருமும். அந்த இருமலை நான் மைக்கில் செய்தால், டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவருவார், மோட்டார் தானாகவே கிளம்பிவிட்டதோ என்று.

பாதி வேகத்துக்கு மேல் அவர் ஓட்டியதே இல்லை. ஒருநாள் இழுபட்டு வந்த ஓர் அம்மா கரையேறியதும் சொன்னார்: "ஏம்ப்பா, மிதிச்சே வந்திருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்போம்!"

ஒரு பலகைக்கு மட்டும் பெயின்ட்

படகு முழுக்கத் தோல் உரிந்து கிடக்கும். அண்ணன் மாசாமாசம் பின்பலகைக்கு மட்டும் பச்சை பெயின்ட் அடிப்பார். நான் சாமியார் குரலில் மைக்கை எடுத்து, "பின்பலகைக்கு ஞானஸ்நானம் நடக்கிறது, பக்தர்கள் அமைதி காக்கவும்" என்பேன். ஏரிக்கரையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். பிரஷ் மட்டும் நிற்காது. அடித்தபடியே கேட்பார்:

"எல்லார் குரலும் உனக்கு வருதுடா. உன் குரல் எப்பதான் வரும்?"

முதலாளியின் கேள்வி

படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் ரங்கப்பா. வாரம் தவறாமல் வந்து, பாதி கன்னடத்தில், "புது மோட்டார் போடலாமா, பேடவா? ஓட்டறது நீ, நீயே சொல்லு" என்பார். அண்ணன் வாரம் தவறாமல், "வேணாம் சார், இதுவே ஓடும்" என்பார். ஆடுகோடி மெக்கானிக் பாஷா பாயோ, அதற்கு இனி ஸ்பேர் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில், ஒரு குடும்பத்தை இழுத்து வரும்போது மோட்டார் நின்றேவிட்டது. குழந்தைகள் அழ, ஒரு மணி நேரம் துடுப்பு போட்டுக் கரை சேர்த்தார். கை தோலுரிந்திருந்தது. "இன்னும் எதுக்குண்ணே இந்தச் சனியன்?" என்றேன்.

"மோட்டார் நின்னா துடுப்பு இருக்குடா. படகே இல்லேன்னா?"

என் உபகாரம்

கூச்சத்தில் கேட்க மாட்டேனென்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கத்தில் இருந்த காசு போடும் போனில் ரங்கப்பாவைக் கூப்பிட்டு, அண்ணன் குரலில், அவர் கனைப்போடு, "சார், அந்தோணி பேசறேன். யோசிச்சேன். மாத்திடலாம் சார்" என்றேன். பாதி உதவி, பாதி குஷி. புது மோட்டாரைப் பார்த்ததும் அவர் முகம் போகும் போக்கை நடித்துக் காட்ட அப்போதே ஒத்திகை பார்த்தேன்.

"அப்பாடா, இவத்தாவது புத்தி பந்த்தல்லா அந்தோணி! இன்னிக்காவது புத்தி வந்துச்சே! நாளைக்கே ஆர்டர் பண்றேன்."

பாஷா பாயின் சுத்தி

புது மோட்டார் பழையதைப்போல ஒன்றரை மடங்கு கனம். எந்த மோட்டாரை மாட்டும் முன்பும் பாஷா பாய் மரச்சுத்தியால் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் டண்ணென்று கேட்கும். இது பொத்தென்றது. பச்சை பெயின்ட் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் போய்விட்டது.

மாசாமாசம் பெயின்ட், பாதி வேகம், 'வேணாம் சார்' எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. பலகை போனது தெரிந்தால் படகு போகும், படகு போனால் தன் வேலையும் போகும் என்று அத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறார். பாஷா பாய் ரங்கப்பாவிடம் திரும்பினார்.

"இது பலகை இல்லை சாப், ஊறின பிரெட்டு. மோட்டாரை எங்க மாட்டறது? போட்டையே மாத்திடுங்க."

அவர் குரல்

ஒரே வாரத்தில் மரப்படகு விறகானது. ஃபைபர் படகு வந்தது. ஓட்ட ஆளும் அதோடேயே வந்தான். "நீயேதானேப்பா போன்ல மாத்தச் சொன்னே?" என்று ரங்கப்பா கேட்டபோது நான் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா சார், நான்தான் சொன்னேன்" என்றார்.

சந்தாபுராவில் ஒரு கம்பெனி வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிய அன்று, டிபன் கேரியரோடு என்னிடம் வந்து நின்றார்.

"என் கனைப்பைக்கூடச் சரியா செஞ்சிருப்பே தம்பி. ஆனா நான் வேணாம்னுதான்டா சொல்லியிருப்பேன்."

இன்றைக்கும் யார் குரலில் பேசச் சொன்னாலும் பேசிக் காட்டுகிறேன். அவரிடம் மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை, அதை என் குரலில் அல்லவா கேட்க வேண்டியிருக்கிறது.