கறுப்புத் திரையில் அப்பா

தாராவியில் நாங்கள் பல காலமாக இருப்பதைக் காட்டினால்தான், குடிசைகளை இடித்துக் கட்டும் திட்டத்தில் புது வீடு கிடைக்கும். அப்பா பெயரில் இருந்த பழைய மின் இணைப்பின் பதிவைத் தேடிச் செம்பூரில் உள்ள மின் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே மெயின்ஃபிரேம் என்னும் பெரிய கணினியில் பழைய பதிவுகளைத் தேடித் தருபவர் ஒரு மாட்டுங்காத் தமிழ்ப் பெண்மணி. நரைத்த கொண்டையில் பேனா செருகியிருந்தார். தேடும் கட்டளையை அடித்ததும், காலிங்பெல்லை அழுத்திவிட்டு வாசலில் நிற்பவர் போலத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது: கிடைக்கவில்லை.

“அப்ப இல்லையா மேடம்?” என்று எழுந்துவிட்டேன்.

“அரே, உக்காருங்கோ. நான் பேர் கட்டத்துல மட்டும்தான் தேடினேன். அங்கே இல்லேன்னுதான் சொல்றது. நம்ம தமிழாளுக்கேது சர்நேம், குடும்பப் பேர்? ஃபார்ம் எழுதினவன் உங்க தாத்தா பேரைப் பேராவும், அப்பாவைச் சர்நேமாவும் போட்டிருப்பான். வரி முழுக்கத் தேடறேன்.”

மறுபடியும் தலையைச் சாய்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“வந்துட்டார் உங்கப்பா!”

அப்பா இறந்து வெகு காலமாகிறது. ஆனாலும் அந்த அம்மாள் சொன்ன விதத்தில், நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.