மட்டமும் வாட்டமும்

நேற்று வேங்கிக்காலில், மகள் வீட்டு ஓட்டுச் சரிவின் ஓரத்தில் மழைநீர்க் கால்வாய் மாட்டினார்கள். ஆணி அறைய அங்கே பலகை இல்லை. கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியிலேயே இரும்புப் பட்டைகளை அடித்தார்கள். முதல் அடி விழுந்ததுமே நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. எந்த ஆண்டு என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வழக்கு உண்டு. நாள் மட்டும் நிச்சயம்: கார்த்திகை தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் நாள். ஓவிய வாத்தியாரான அப்பா எங்கள் ஓட்டு வீட்டுக் கைமரங்களில் இப்படித்தான் தகரக் கால்வாயைத் தொங்கவிட்டார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

சாயங்காலம் மழை கொட்டியது. தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் தகரத்தில் நிரம்பியது. பாரம் தாங்காமல் கைமரங்கள் முனகின. தம்பி தூங்கிய தூளிக்கு நேர்மேலே ஓடுகள் நகர்ந்தன.

"புள்ளய எடுடா!" என்று அம்மா என்னிடம்தான் கத்தினாள். தூளிக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். கால் அசையவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்து அக்கா தம்பியைத் தூக்கினாள்.

அம்மா கடப்பாரையோடு மழையில் இறங்கித் தகரத்தின் அடியில் ஓங்கிக் குத்தினாள். தண்ணீர் பீச்சியடித்தது. முனகல் நின்றது.

"மட்டம் சரியாத்தானே இருந்துச்சு," என்றார் அப்பா.

"தண்ணி ஓட ஒரு பக்கம் சரிச்சு வாட்டம் உடணுங்க. மட்டம் பாத்தாராம், இன்னா வாத்தியாரோ!" என்றாள் அம்மா.

பிறகுதான் தூளியைப் பார்த்தோம். அதற்குள் பாதி ஓடு கிடந்தது.

நேற்று கடைசி ஆணி இறங்கும்வரை பேத்தியை நான் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.