ஃபிளெக்ஸ் பேனரை ஏற்றினால் இணையதளம் ஆகிவிடாது

எங்கள் தெரு பர்வீன் அக்காவின் இன்டர்வியூவைக் கெடுத்தது, என் நண்பன் ஒரு கல்லூரிக்குச் செய்துகொடுத்த இணையதளம்.

அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில் உள்ள எழுத்தை அவருக்குப் போன்தான் வாசித்துச் சொல்லும். அந்தக் கல்லூரி வேலைக்கான இன்டர்வியூவைப் பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அறிவிப்பு இருந்த இடத்தில் போன் "படம்" என்று மட்டும் சொன்னது.

"பசுமலைல கேட் பூட்டிக் கெடந்துச்சு தம்பி. ஆட்டோ பிடிச்சுப் போறதுக்குள்ள அங்க முடிச்சுட்டாங்க" என்றார், திரும்பி வரும் பஸ்ஸில் என்னைச் சந்தித்தபோது.

இறங்கியதும் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஃபிளெக்ஸுக்குப் பண்ணுன டிசைன் மாப்ள, அதையே படமா ஏத்திட்டேன். எம்புட்டு அழகா இருக்குன்னு காலேஜ் சேர்மனே சொன்னாரு."

"எழுத்து எச்டிஎம்எல்ல, அழகு சிஎஸ்எஸ்ல, அசைவு ஜாவாஸ்கிரிப்ட்லன்னு ஒரே பெஞ்சுல உக்காந்துதானடா படிச்சோம்?"

"அதெல்லாம் பரீட்சைக்குடா."

எழுத்தைத் தனியே பிரித்து வைத்திருந்தால் அவன் அழகு அப்படியே இருந்திருக்கும். அக்காவுக்கும் இடம் தெரிந்திருக்கும்.

அறிவிப்பை எழுத்தாகப் போடு, அக்காவை மறுபடி கூப்பிடச் சொல்லி சேர்மனிடம் பேசு என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

அவன் ஸ்டேட்டஸில் மட்டும் அடுத்த பேனர் வந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.