புடவை போர்த்திய கனகாம்பரம்

தில்லி முனிர்காவில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. சந்து அவ்வளவு குறுகல். எதிர்வீட்டு பால்கனியில் காயும் துணியை இங்கிருந்தே எட்டி எடுத்துவிடலாம். அந்த வீட்டில் என் வயதில் ஒரு அம்மாள் இருக்கிறாள். கண்ணில் புரை. என் நிழலாடினால் போதும், "ராம் ராம் பஹன்ஜி" என்பாள், அக்கா முறை வைத்து. எனக்கு இந்தி புரியும், வாயில் வராது. தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். அவள் குரல் கேட்டதும் உள்ளே வந்துவிடுவேன்.

பால்கனியில் ஒரு கனகாம்பரம் வைத்திருந்தேன். தில்லிக் குளிர் அதற்கு ஆகாது. அதற்கு முன் வைத்த இரண்டு செடிகளும் மார்கழியைத் தாண்டவில்லை. இலை கறுத்து, வெந்த கீரை மாதிரித் தொங்கிப் போயின. இந்த முறை மருமகள் சொல்லிவிட்டாள்.

"அத்தை, இதுவும் போச்சுன்னா அந்த எடத்துல வாஷிங் மெஷின் வந்துடும். அப்புறம் தொட்டி கிட்டின்னு கேக்கக் கூடாது, அச்சா?"

அவள் இங்கேயே பிறந்தவள், பூ வைத்துக்கொள்ள மாட்டாள். மண்தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவும் விடமாட்டாள்.

அதனால் தண்ணீரைக் குறைத்தேன். தொட்டியை முக்காலியில் ஏற்றினேன். தினமும் விளக்கேற்றும் முன் என் பழைய நூல் புடவையால் செடியை மூடி, மறுநாள் வெயில் வந்த பிறகு எடுப்பேன். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது, அது தூங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளேயிருந்து பார்த்தால் முக்காடு போட்ட பொம்பளை ஒருத்தி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

ஒருநாள் மருமகள் காய்கறிப் பையோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டீங்க, எதிர்வீட்டு ஆன்ட்டிகூட டெய்லி கப்ஷப்பாமே! 'உன் மாமியார் எவ்ளோ மெதுவாப் பேசுறா'ன்னு சொல்றாங்க."

கண் சரியில்லாதவள், புடவையைப் பார்த்து நான் என்று நினைத்துப் பேசுகிறாள் போலிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எனக்குப் பதில் அதுவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மெதுவாகப் பேசுகிறது என்றாளே, அதுதான் மனதை அரித்தது.

பொங்கலுக்கு முன்னால் அப்படி ஒரு பனிமூட்டம் வந்தது. பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்து விளக்கேற்றிவிட்டேன். ஏற்றிய பிறகுதான் செடியை மூடவில்லை என்று உறைத்தது. புடவை நாற்காலியில் மடித்தபடி கிடந்தது. இனி தொடக் கூடாது. தொடாவிட்டால் காலையில் செடி இருக்காது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்போது வெளியே அவள் குரல் கேட்டது. இந்தியில்தான் பேசினாள்.

"பஹன்ஜி, இந்தக் குளிர்ல ஏன் உக்காந்திருக்கே?"

கொஞ்சம் நிறுத்தினாள். யாரோ சொல்வதைக் கேட்பவள் போல "ஹாங்... ஹாங்..." என்றாள். பிறகு, "இப்படி நடுங்குறியே. உள்ளே கூப்பிட வீட்டுல ஆளில்லையா?" என்றாள்.

புடவை என் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வெறும் செடிதான்.

சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். பனியில் எதிர்ச்சுவரே தெரியவில்லை. தொட்டியைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். மார்போடு அணைத்துத் தூக்கியதும் இலைகள் கழுத்தில் ஜில்லென்று படிந்தன.

"அச்சா, போ. போய்ப் படு," என்றது எதிர்ப்பக்கத்துக் குரல்.

தொட்டியை என் கட்டிலோரம் வைத்தேன். மருமகள் தரையில் சிந்திய மண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், துடைப்பம் எடுத்து வரப் போனாள். செடி பிழைத்துக்கொண்டது. நுனியில் இரண்டு இலைகள்தான் கறுத்திருந்தன.

மறுநாள் லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. எவ்வளவு கூச்சமானாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டுமென்று வெளியே போனேன். கைகூப்பி, முதல் தடவையாக, "ராம் ராம் பஹன்ஜி" என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நீ யாரும்மா?" என்றாள். "பஹன்ஜி இன்னும் எந்திரிக்கலையா?"