மாதிரிக்கு ஒரு கிளை

காலை ஆறே முக்காலுக்குத் தங்கச்சி வீட்டுப் படலையில் பொலிஸ் ஜீப் நின்றது. முதலில் கண்ணில் பட்டது, அதன் பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கஞ்சாச் செடியின் நுனி. வேரோடு பிடுங்கியிருந்தார்கள். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நின்ற ஒரே செடி.

தங்கச்சியின் கணவர், என் மச்சான், சாரத்துக்கு மேல் நல்ல சேர்ட்டாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கன்றுக்குக் கழிச்சல் கண்டு வயிற்றாலே போனால் அந்த இலையில் ஒரு பிடி அரைத்துத் தவிட்டோடு கொடுப்பார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் செய்தார். எங்கள் பக்கத்தில் இறைச்சிக் கறிக்கு அதைப் போட்டவர்கள் உண்டு. நாட்டு வைத்தியர்களின் மருந்துருண்டையிலும் அது இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் எல்லாவற்றையும் தடுத்து, வைத்தியத்துக்கு மட்டும் ஒரு சிறு வழி விட்டது. இப்போது, ஏற்றுமதிக்காக வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று வானொலியில் செய்தி வந்தது.

போன கிழமை கொக்கட்டிச்சோலைத் தேத்தண்ணிக் கடையில் அதே பேச்சு.

"டொலர் வருமாம். வட்டை வயல் முழுக்க வெதச்சா என்ன?"

"வெதச்சிப்போட்டு நீயே பத்தித் தீத்திருவாய்."

"பள்ளிக்கூடப் பொடியனுகள் ஐஸ் அடிச்சுத் திரியிறானுகள். இதையும் திறந்து விடுங்க" என்றார் கடைக்காரர். அவருடைய மகன் போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மச்சானும் அங்கே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நெல்லில் நோய் கண்டால் இங்கே எவரும் கமநல சேவை நிலையத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை. பழுத்த பயிரைப் பிடுங்கிப் பையில் கொண்டுபோய் உத்தியோகத்தரின் மேசையில் வைப்பார்கள். ஜீப் வந்ததற்கு முந்தின நாள் மச்சானும் ஒரு கிளையை ஒடித்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய் விரித்து வைத்து, "ஐயா, இதுக்குப் பேர்மிட் எங்க எடுக்கிற?" என்று கேட்டிருக்கிறார். உத்தியோகத்தர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினாராம். அன்று பின்னேரமே பொலிசுக்குத் தகவல் போய்விட்டது.

தங்கச்சி ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கையில் மச்சானின் பாஸ்போட். போன போகத்து நெல்லை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கட்டாரில் டிரைவர் வேலை சரிவந்து, மெடிக்கலும் பாஸாகி, வழக்கொன்றும் இல்லையென்ற பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"சேர், ஒளிச்சு வச்ச மனிசனா இது? தானாக் கொண்டுவந்து காட்டின மனிசன்."

"அதத்தான் தங்கச்சி நாங்களும் எழுதப்போறம்" என்றார் சார்ஜன்ட். குரலில் கோபம் இல்லை.

ஏறும்போது மச்சான் என்னிடம் கேட்டார். "மச்சான், நீங்க பேப்பர்ல வேல செஞ்ச ஆள். அது எங்களுக்கில்லையெண்டு செய்தியில சொன்னவங்களா?"

சொல்லியிருந்தார்கள். கடைசி வரியில்.

வாவிக்கு அப்பால், நீதிமன்றத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் கட்டி அன்றே வீட்டுக்கு வந்தார். பொலிஸ் ரிப்போட்டில் வழக்கு ஏறியது. ஏஜென்சிக்காரர் ஒரு தரம் போன் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லித் தங்கச்சி கெஞ்சினாள். "எந்த முகத்தோட?" என்றார். தேத்தண்ணிக் கடைக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

மாரி தொடங்கியதும் கன்றுகளுக்கு வயிற்றாலே போனது. வெள்ளம் வடிந்து மிருக வைத்தியர் வந்தபோது ஒரு கன்றுதான் மிஞ்சியிருந்தது.

பாஸ்போட் அலுமாரியில் இருக்கிறது. அதில் ஒரு முத்திரையும் விழவில்லை. வருகிற ஆனியோடு காலாவதி.