அடைக்கலமேரி வாங்கி வந்த என்லார்ஜர்

அடைக்கலமேரிக்குப் போட்டோக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், கொடைக்கானலில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதெல்லாம் பொய். நடந்தது இதுதான்.

மடத்துப் பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரம்மா சொந்த ஊருக்குத் திரும்பியபோது, தன் டப்பா கேமராவை அவள் கையில் வைத்து, "என் கம்பளிச் சட்டையை ஒருநாளும் சுருங்கவிடாமல் துவைத்தாயே, அதற்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து துணி காயப் போட்ட கையோடு கேமராவைத் தூக்குவாள். பேரி மரத்தில் மஞ்சு மூட்டம் இறங்குவதை எடுப்பாள். கொடியில் வரிசையாய் ஆடும் வெள்ளைப் போர்வைகளை எடுப்பாள். அவள் புருஷன் கஸ்பார் வில்பட்டியில் கேரட் மூட்டை ஏற்றுகிற லாரியில் லோடுமேன். மூட்டைமேல் அவன் வாயைப் பிளந்து தூங்கியதைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

அவள் அண்ணன் மகள் சகாயராணி அதே கூடத்தில் இஸ்திரி போட்டாள். இருபத்திரண்டு வயது. சிறுபிள்ளையில், துணிக்குக் காய்ச்சிய கஞ்சி தெறித்து இடது கன்னத்தில் ஒரு தழும்பு. வெற்றிலையளவு இருக்கும். அவள் சிரித்தால் தழும்பும் கூடச் சேர்ந்து சிரிக்கும். அதை வைத்தே அவளுக்கு எப்போது சிரிப்பு வருகிறது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஸ்டூடியோக்காரர் இராமலிங்கம் படமெடுத்து, பென்சிலும் கத்தியுமாய் டச்சப் செய்து, தழும்பு இருந்த சுவடே தெரியாமல் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இது இவ தங்கச்சியா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் சித்தி. வைத்த காப்பி ஆடை கட்டி டம்ளரிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

"அந்தப் போட்டோவுல இருந்தவளத் தேடி வந்தாக. அவ வீட்டுல இல்ல. நான் என்ன செய்யட்டும்?" என்றாள் சகாயராணி. அதற்குப் பிறகு ஸ்டூடியோப் படி ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து வத்தலக்குண்டிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ஆரோக்கியதாஸ், தையல்காரன். கோயில் உபதேசியார் சூசைமாணிக்கம்தான் நடுவில் நின்றார். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் படத்தக் குடுத்துருங்க. திங்கக்கெழம நான் எறங்குறேன்" என்றார். இடையில் ஒன்பது நாள் இருந்தது.

அத்தைக்காரி சகாயராணியைக் கொடியருகே நிற்க வைத்தாள். பின்னால் வெள்ளைப் போர்வை, மேலே மஞ்சு வடிகட்டின வெளிச்சம். அந்நேரம் பார்த்துச் சமையல்கட்டுப் பூனை ஒரு சாக்ஸைக் கவ்விக்கொண்டு ஓட, பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அதே நொடியில் விசையைத் தட்டினாள் அடைக்கலமேரி.

பிலிமை இராமலிங்கத்திடம் கொடுத்து, "கழுவி மட்டும் குடுங்கண்ணே" என்றாள். கழுவினதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முகம் கட்டைவிரல் நகமளவுதான் இருந்தது.

"பெருசாக்கணும்னா டச்சப் பண்ணித்தான் தருவேன்" என்றார் அவர். "தழும்போட படம் வெளிய போச்சுன்னா, இராமலிங்கத்துக்கு வேல தெரியலம்பான்."

"அவ மூஞ்சி அது. ஒங்க வேலையில்ல."

"அப்ப நீயே போட்டுக்க தாயீ" என்று அவர் சிரித்தார்.

அவர் சிரித்திருக்க வேண்டாம். அடைக்கலமேரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சகாயராணியின் தாய் கித்தேரியம்மாள் ஒரே பிடியாய் நின்றாள். "மதுரையில படத்துக்குப் பூசுற பெயிண்டுப் பெட்டி விக்குதாம் மேரி. அத வாங்கியாந்து நீயே பதமா மறச்சுரு. கலியாணத்துக்கப்பறம் எவன் பாக்கப் போறான்?"

"மதினி, போன தடவ மறச்சதாலதான வந்தவுக எந்திரிச்சுப் போனாக?"

"அப்ப முழுசா மறச்சோம். இப்பக் கொஞ்சமா மறப்போம்."

கஸ்பாரும் பெயிண்ட் பெட்டி பக்கம்தான். "கலர் கலரா பூசலாம்ல? அந்தப் பேரி மரத்துக்குப் பச்சை பூசு. எஞ் சட்டைக்குச் செகப்பு."

உண்மையைச் சொன்னால் அடைக்கலமேரிக்கும் அந்தக் கலர்மேல் கண் இருந்தது. எடுத்த படமெல்லாம் சாம்பலாய் இருக்கிறதே என்ற குறை அவளுக்கு நெடுநாளாய் உண்டு.

புதன்கிழமை வெள்ளனே பஸ் ஏறி மதுரைக்கு இறங்கினாள். பழைய கேமரா சாமான் விற்கிற பொன்னுச்சாமி இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று வர்ணப் பெட்டி, பிரஷ், பென்சிலோடு. இன்னொன்று பழைய என்லார்ஜர். சிறு பிலிமில் இருப்பதை விளக்கு வைத்துத் தாளில் பெரிதாய் இறக்குகிற கருவி. ஒற்றைக்காலில் நிற்கிற கொக்குபோல் இருந்தது. அவள் கையில் இருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம்.

பொன்னுச்சாமி ஒரு பாட்டனார் படத்தை எடுத்து, பிரஷால் நாலு இழுப்பு இழுத்தார். சுருக்கம் போனது, கன்னம் சிவந்தது, பாட்டனார் மாப்பிள்ளையானார். "பாத்தீகளா? பெட்டிய எடுத்துக்கங்கம்மா. அந்த மெஷினு ஒங்களுக்குச் சரிப்படாது, ஏகப்பட்ட சோலி" என்றார்.

அழகாய்த்தான் இருந்தது. அவள் கை பெட்டிவரைக்கும் போனது. "இப்பப் பூசுனத அழிச்சிட்டு, தாத்தா முன்ன இருந்த மாதிரியே காட்ட முடியுமாண்ணே?" என்று கேட்டாள்.

"அது எதுக்கும்மா?"

"அவரு பேரன் பேத்தி தேடுவாகள்ல" என்றவள் கையை எடுத்து என்லார்ஜர்மேல் வைத்தாள்.

பத்துத் தாள் கட்டு ஒன்றும் படம் கழுவும் மருந்துப் பொட்டலமும் கொடுத்து, முறையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார் பொன்னுச்சாமி. கடைசி வரியில் இப்படி இருந்தது: "மருந்து சூடேறக் கூடாது. தட்டைச் சுற்றி ஐஸ் வைக்கவும்." திரும்பும் பஸ்ஸில், சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, குத்துவெளக்கா?" என்றான். "ஆமா, பெருமாள்மலை தாண்டுனதும் ஏத்துவேன்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் போர்வை அடுக்குகிற ஜன்னலில்லாத அறையில் வேலை தொடங்கியது. கதவிடுக்கில் கம்பளி. வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பைக் கழற்றி வந்து மாட்டினார்கள். "ஒரு மத்தியானம் அவரு பொறுத்துக்குவாரு" என்றாள் அடைக்கலமேரி. சகாயராணி சீட்டை வாசிக்க, அத்தை அப்படியே செய்தாள். ஐஸ் இல்லாததால், தை மாதப் பனி விழுந்த கல்தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, அதற்குள் மருந்துத் தட்டை வைத்தாள்.

முதல் தாளில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள், இரண்டாவதில் ஆவி மாதிரி ஏதோ வந்தது. ஏழாவது தாளும் அழுக்குத் துணிபோலச் சாம்பலாய்க் கிடந்தது.

கதவுக்கு வெளியே கஸ்பார், "பெயிண்டுப் பெட்டின்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றான். "சும்மா இருங்க" என்று உள்ளேயிருந்து கத்தியவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாளைக்குப் பூசை. கட்டில் மிச்சம் மூன்றே தாள். படம் வராவிட்டால் மறுபடி இராமலிங்கம், மறுபடி ஆடை கட்டின காப்பி.

கண்ணைத் துடைக்கலாம் என்று தொட்டித் தண்ணீரில் கையை நனைத்தாள். விரல் விறைத்தது. சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஏட்டி, இந்தத் தண்ணியில கம்பளி போட்டா அழுக்கு விடுமா?"

"எப்பிடி விடும் அத்த? வெதுவெதுன்னு இருக்கணும்."

"அதான! அந்த மனுசன் மதுரை வெயிலுக்கு எழுதிக் குடுத்துருக்காரு. இங்க எவன் ஐஸ் வைக்கச் சொன்னான்? வெரசா அடுப்புத் தண்ணி கொண்டா!"

சுடுநீர் கலந்து, கம்பளிக்குப் பார்ப்பதுபோலவே முழங்கையை முக்கிப் பதம் பார்த்தாள். அதற்குள் தட்டை வைத்தாள். எட்டாவது தாள் போட்ட மாத்திரத்தில் குபீரென்று கறுத்துப் போனது. அவள் குதித்தாள். "வேல செய்யுதுடி! வெளிச்சத்தக் கொறச்சாப் போதும்."

ஒன்பதாவது தாள். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து எண்ணினாள். எண்ணும்போது என்லார்ஜர் ஆடுகிறதோ என்று கையை நீட்டினாள். கையின் நிழல் தாளில் ஒரு பக்கமாய் விழுந்தது. மருந்துக்குள் முதலில் கண் வந்தது, பிறகு பல்வரிசை, பிறகு பின்னால் மடிப்பு மடிப்பாய்ப் போர்வை. படம் உயிரோடு சிரித்தது. ஆனால் நிழல் விழுந்த இடது கன்னம் மட்டும் வெளிச்சம் படாமல் வெளிறிப்போய், தழும்பு பாதிக்குமேல் காணவில்லை.

அறை மூலையில் நின்றிருந்த கித்தேரியம்மாள் எட்டிப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டாள். "ஆண்டவரே செஞ்சு குடுத்துட்டாரு. பூசவே வேண்டாம். மேரி, இதையே குடுத்துரு. பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல."

பிரஷே இல்லாமல் மறைக்க முடியும் என்று இப்போது அடைக்கலமேரிக்கே தெரிந்துவிட்டது. கையை இன்னும் கொஞ்சம் அசைத்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அவளுக்கு மனசு ஆடியதை மறைப்பதில் பிரயோசனமில்லை, ஆடியது. கடைசித் தாளை மாட்டிவிட்டு, "நீ சொல்லு" என்றாள் சகாயராணியிடம்.

சிவப்பு வெளிச்சத்தில் பெண் அந்த ஈரப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவ நல்லாத்தான் இருக்கா. ஆனா முழுசாச் சிரிக்கல" என்றாள். "கைய எடுத்துருங்கத்த."

அடைக்கலமேரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினாள்.

ஞாயிறன்று உபதேசியார் படத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இப்பிடியேவா குடுக்கச் சொல்றீக?" என்றார்.

"இப்பிடியேதான்."

கித்தேரியம்மாள் இரண்டு நாள் அடைக்கலமேரியோடு பேசவில்லை.

மூன்றாம் வாரம் வத்தலக்குண்டுக்காரர்கள் மலையேறி வந்தார்கள். ஆரோக்கியதாஸின் தாய் பைக்குள்ளிருந்து படத்தை எடுத்தாள். பெண்ணைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கித்தேரியம்மாள் அவசரமாய்க் காப்பி டம்ளர்களை முன்னால் வைத்தாள்.

"ஏம்மா, இதுல எதப் பாத்து இம்புட்டுச் சிரிப்பு?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"பூனை சாக்ஸக் கவ்விட்டு ஓடுச்சுங்க" என்று சொன்ன சகாயராணி, நினைப்பு வந்து மறுபடி சிரித்துவிட்டாள். தழும்பும் சேர்ந்து சிரித்தது.

"அதே சிரிப்புதாம்மா" என்றான் ஆரோக்கியதாஸ், தன் தாயிடம். பிறகு டம்ளரை எடுத்து, ஆடை கட்டுமுன் காப்பியை ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை.

கலியாணப் படம் யார் எடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. வெந்நீர்ச் சட்டியோடு அடைக்கலமேரிதான். கூட்டத்தில் இராமலிங்கம் மெல்லப் பக்கத்தில் வந்து, "குளிர்காலத்துல எனக்கும் படம் சாம்பலாத்தான் அடிக்குது தாயீ. என்ன பக்குவம் பண்ற?" என்று கேட்டார்.

"முழங்கைய முக்கிப் பாருங்கண்ணே" என்றாள் அவள்.