ராகம் தெரியாமல் பாடியவர்

கட்டைக்குரல் என்ற பட்டப்பெயராலேயே கடைசிவரை அறியப்பட்ட குழாய்த் தொழிலாளி, 1921–1989.

எங்கள் சபையின் பாடகர் குழு நான்கு குரல்களில் பாடும். அவற்றுள் அடியில் ஓடும் பாஸ் குரல் அவருடையது. ராகம் மேற்குரல்காரர்களுக்கு உரியது. பதினெட்டு ஆண்டுகள் அதைக் கேட்டிருந்தும், வாயைத் திறந்தால் அவருக்குப் பழகிய நான்கைந்து சுரங்களே வரும். "வீடு கட்டுறேன்னு சொல்லிட்டு அஸ்திவாரத்தோட நிறுத்திட்டீங்களே, மச்சான்!" என்று மைத்துனர் கேலி செய்வார். மனைவியை இழந்து தனியே வாழ்ந்தவர்; கேலிக்குச் சிரிப்பார்.

1966 ஆகஸ்டில், ஆலயங்களை மூட முனைந்திருந்த அரசாங்கம் எங்கள் போதகரைக் கைது செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, நடக்கப்போவதை அறிந்த போதகர் எங்களைக் கூட்டி ஓர் ஆணையை வாசித்தார். தொடர்ந்து நான்கு ஞாயிறு ஆராதனை நடவாத ஆலயம் தானியக் கிடங்காக்கப்படும். "யாரு நடத்துவீங்க?" என்றார். கூடியிருந்த எல்லோரும் கை தூக்கினோம். குழுத் தலைவரான பள்ளி ஆசிரியர் எழுந்தே நின்றார். "என் தலை போனாலும் பாட்டு நிக்காதுங்க ஐயா!"

முதல் ஞாயிறன்று வாயிலில் ஒரு காவலர் குறிப்பேட்டுடன் அமர்ந்தார். பெயர் எழுதப்பட்டவருக்கு வேலை போகும் என்ற பேச்சு பரவியது. நூற்று நாற்பது பேரில் அன்று வந்தவர் முப்பது. அடுத்த வாரம் ஏழு. மூன்றாம் வாரம் கட்டைக்குரல் மட்டும் வந்தார். இதை எழுதுபவனின் கால்கள் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டன.

அவர் வேதத்தில் ஓர் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். பிறகு மூன்று பாட்டுகளைப் பாடுவார், அடிக்குரலில்.

"யோவ், இது பாட்டா? தண்ணி வராத குழாய் உறுமுற மாதிரி இருக்கு" என்றார் காவலர்.

"ஆராதனை நடந்துச்சுன்னு எழுதிக்குங்க சார். நல்லா இருந்துச்சுன்னு எழுத வேண்டாம்."

காவலர் சிரித்துவிட்டு எழுதினார். அந்த மாதமே மருத்துவமனையில் கட்டைக்குரல் பார்த்துவந்த குழாய் வேலை போயிற்று.

நவம்பரில் ஆசிரியர் வீட்டுச் சமையலறையில் குழாய் உடைந்தது. அவர் ஆள் அனுப்பிக் கட்டைக்குரலை அழைத்தார்.

"முன்வாசல் வேண்டாம்ணே, பின்பக்கமா வந்துடுங்க."

வேலை முடிந்ததும் கட்டைக்குரல் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கூலி வேண்டாம் சார். அந்த மூணு பாட்டோட ராகத்தைப் பாடிக் காட்டுங்க, பழகிக்கறேன். நான் உறுமுறது கடவுளுக்கே புரியுதோ என்னவோ."

ஆசிரியர் சன்னலைச் சாத்தினார். "சுவருக்குக் காது இருக்குண்ணே."

"முனகினாக்கூடப் போதும் சார்."

"பிள்ளைகுட்டிக்காரன் நான். புரிஞ்சுக்குங்க."

கூலியை மேசைமேல் வைத்துவிட்டு ஆசிரியர் உள்ளே போய்விட்டார். கட்டைக்குரல் அதை எடுக்கவில்லை. மேலும் பதினோரு மாதம், ஒரு ஞாயிறும் தவறாமல், அந்த அடிக்குரலையே பாடினார். ஆலயம் கிடங்காகவில்லை.

1967 அக்டோபர் முதல் வாரம் ஆணை நீங்கியது, போதகர் விடுதலையானார். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆலயம் வாசல்வரை நிறைந்தது. "நம்ம சபை சோதனையில அசையாம நின்னுச்சு" என்று போதகர் தழுதழுத்தார். அவரிடம் எவரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. "ஆமென்" என்றோம். நாக்கு கூசவில்லை.

முதல் பாட்டு தொடங்கிற்று. ஓராண்டுக்கு மேல் தனித்தே பாடியதில் கட்டைக்குரலின் தாளம் தளர்ந்திருந்தது. ஒவ்வோர் அடியிலும் பின்தங்கினார். இரண்டாம் சரணம் முடிந்ததும் ஆசிரியர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, எல்லாரையும் பின்னாடி இழுக்கறீங்க. நல்ல நாளும் அதுவுமா வேண்டாம். போய்க் கடைசி பெஞ்சுல உக்காருங்க."

போனார். குழுவில் ஒருவரும் பாட்டை நிறுத்தவில்லை.

அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் வந்தார். பாட்டு எழும்போது எழுந்து நிற்பார், புத்தகத்தைத் திறப்பார், உதடு அசையாது. அவர் கடைசியாகப் பாடியது 1967 அக்டோபர் 8, முதல் பாட்டின் இரண்டாம் சரணம்.